மூன்றாம் தொட்டி

மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு வா என்று
மொண்டேவிடேயோவிலிருந்து அனுப்பினார்கள்.
பேருந்தில் மூன்று மணி நேரம்.
வழியெல்லாம் புல்,
புல்லின்மேல் ஆடு,
ஆட்டின்மேல் மழை.

யீ ஆற்றங்கரையில் கம்பளி கழுவும் ஆலை.
வாசலிலேயே கொழுப்பு வாடை வந்து
கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டது.
வீடு திரும்பியும் விடவில்லை.

மாடியில் மூன்று அறைகள்.
தரத்துக்கு நீலக் கோப்பு,
சுற்றுச்சூழலுக்குப் பச்சை,
கடையில் மிஞ்சிய ஆரஞ்சு
தொழிலாளர் பாதுகாப்புக்கு.
மூவரும் ஒரே குடுவையின் வெந்நீரில்தான்
மாத்தே குடித்தார்கள்.
தாள்கள் மட்டும்
ஒன்றன் முகத்தை ஒன்று பார்த்ததில்லை.

நான் முதலில் செய்தது சோம்பேறி வேலை:
கோப்புகளைப் பிரித்து
நிறம் பார்க்காமல்
தேதிப்படி மேசையில் பரப்பினேன்.

ஆகஸ்ட் ஒன்பது, செவ்வாய்.
நீலத்தில் மிர்த்தா எச்செகராய்:
மூன்றாம் தொட்டியில் சோப்பு குறைகிறது,
கம்பளி மஞ்சள் தட்டுகிறது.
நடவடிக்கை: சோப்பைக் கூட்டினோம். முடிந்தது.

அதே செவ்வாய், பச்சையில் நெபெர்:
ஆற்றுக்குப் போகும் கால்வாயில் காரம் ஏறிவிட்டது.
அமிலம் ஊற்றினோம். முடிந்தது.

அதே செவ்வாய், ஆரஞ்சில் யமண்டூ:
இரவு ஷிப்டில் வில்மார் வழுக்கி விழுந்தார்.
வலது முழங்கை.
எச்சரிக்கைப் பலகை வைத்தோம்,
மரத்தூள் தூவினோம். முடிந்தது.

அடுத்த வாரம்
கூட்டிய சோப்பு கூடுதலாய் வழிந்தது.
கால்வாய்க்கு இரண்டு பங்கு அமிலம்.
தரைக்கு இரண்டு மூட்டை மரத்தூள்.
அதற்கடுத்த வாரம்
பூட்ஸ் அடியில் ஏறிய மரத்தூள்
கம்பளிக்குள் புகுந்து, கடல் தாண்டி
இத்தாலியில் ஒரு நூற்பாலையில் இறங்கியது.
"இது ஆடா, மரமா?" என்று
அங்கிருந்து கடிதம்.
மிர்த்தா அதை நீலத்தில் கோத்தாள்.
யமண்டூவிடம் சொல்லவில்லை.
ஏன் சொல்ல வேண்டும்?
அவன் நிறம் வேறு.

முப்பத்தொரு தாள்கள்.
முப்பத்தொன்றிலும் முடிந்தது, முடிந்தது, முடிந்தது.

கீழே இறங்கிப் போனேன்.
நீராவிக்குள்
முதலில் ஒரு பாட்டு கேட்டது,
பிறகு கையுறை தெரிந்தது,
பிறகு டொரிலா.
குழாய் மூட்டுக்கு அடியில்
பழைய பெயிண்ட் டப்பா ஒன்றை வைத்திருந்தாள்.
மணிக்கொருமுறை நிரம்பும்,
மணிக்கொருமுறை தொட்டியிலேயே திருப்பி ஊற்றுவாள்.

எப்போதிலிருந்து?
"ஜூலை. பிலார் பிரசவத்துக்குப் போன அன்றிலிருந்து."
இரவில்?
"இரவில் நான் தூங்குகிறேன்."
யாரிடமும் சொல்லவில்லையா?
டப்பாவை ஊற்றி முடித்துவிட்டுக் கேட்டாள்:
"எந்த நிறத் தாளில் எழுதட்டும்?"

தேய்ந்தது ஒரு ரப்பர் வளையம்.
இரண்டு எம்பனாடா விலை.

கூட்டம் போட்டோம்.
வளையம் யார் செலவில் என்று
இரண்டு மணி நேரம் பேசினோம்.
கம்பளிக்காக என்றால் மிர்த்தா,
ஆற்றுக்காக என்றால் நெபெர்,
முழங்கைக்காக என்றால் யமண்டூ.
மாத்தே ஆறிப்போனது.
அதற்குள் மெக்கானிக் சில்வேரா
தன் சட்டைப்பையில் கிடந்த வளையத்தை
மாட்டிவிட்டு, சாப்பிடப் போயிருந்தான்.
அவனுக்குக் கோப்பே கிடையாது.

ஒரே படிவமாக்கினேன்.
வெள்ளைத் தாள், வேறெதுவும் கடையில் இல்லை.
மேலே முதல் கேள்வியாக எழுதினேன்:
இது வேறு எங்கே நனைக்கிறது?
யமண்டூ இரண்டு முறை படித்தான்.
நெபெர் சன்னல் வழியே ஆற்றைப் பார்த்தான்.
இப்படி ஒரு கேள்வி
எந்த விதிநூலிலும் இல்லையே என்றாள் மிர்த்தா.
ஆனாலும் அடிக்கவில்லை.

முதல் படிவம் வில்மாருக்கு.
கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு
இடது கையால் கையெழுத்திட்டான்,
மெதுவாக, நாக்கைக் கடித்தபடி.

வெள்ளிக்கிழமை அது திரும்பி வந்தது.
கையொப்பம் பழையதோடு ஒத்துப்போகவில்லை,
விடுப்புச் சம்பளம் தர இயலாது.
இப்படிக்கு, கணக்குப் பிரிவு.

நாலாவது அறை ஒன்று இருப்பதை
யாரும் என்னிடம் சொல்லவில்லை.